‘தேசிய மொழி வகுப்பு’ வரைந்த சுவா மியா டீ: வாழ்க்கையும் கைவேலையும்

கேள்வி மூன்று பகுதியாக இருக்கிறது. சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்தின் தொகுப்பில் உள்ள ‘தேசிய மொழி வகுப்பு’ ஓவியத்தை வரைந்தவர் யார், எப்படி அந்த இடத்துக்கு வந்தார்? அவர் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தாரா? அதுபோல எண்ணெய் வண்ணத்தில் உருவப்படம் வரைய வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருந்தபடி ஒருவர் பழக முடியுமா? முதல் கேள்விக்குப் பதில் சொன்னாலே மற்ற இரண்டுக்கும் பாதி விடை வந்துவிடும்.

சுவா மியா டீ 1931-இல் சீனாவின் ஷான்டோ நகரில் பிறந்தவர். 1937-இல் ஜப்பான் சீனாமீது போர் தொடுத்தபோது குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு வந்தார். உயர்நிலைப்பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, 1947-இல் நன்யாங் நுண்கலைக் கழகத்தில் சேர்ந்தார். லிம் ஹாக் தாய் 1938-இல் நிறுவிய கழகம் அது. 1952-இல் படிப்பை முடித்தார். 1950-களின் நடுவில் சில ஆண்டுகள் அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார்.

அந்த 1952-ஆம் ஆண்டைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அதே ஆண்டில்தான் லியு காங், செங் சூ பியெங், சென் வென் ஹ்சி, சென் சோங் சுவீ ஆகிய மூத்த ஓவியர்கள் நால்வரும் பாலித் தீவுக்குப் போய் வந்தார்கள். அந்தப் பயணத்திலிருந்து பிறந்த படங்கள்தான் பின்னாளில் ‘நன்யாங் பாணி’க்கு அடையாளமாயின: ஐரோப்பிய நவீன ஓவியத்தின் கட்டமைப்பு, சீன மையோவியத்தின் கோடு, தென்கிழக்காசியக் காட்சிகள். மூத்தவர்கள் பாலிப் பெண்களையும் கோயில்களையும் வரைந்துகொண்டிருந்தபோது, இருபதைத் தாண்டிய இந்த இளைஞர் தலைமுறை இங்கேயே சாலையோரத்தில் நின்று பார்த்தது. சுவா 1955-இல் வரைந்த ஒரு படத்தின் தலைப்பே ‘சாலை போடும் தொழிலாளி’. எதை வரைவது என்பதில் இவர்கள் மூத்தவர்களிடமிருந்து விலகினார்கள். எப்படி வரைவது என்பதிலும் ரெப்பின் போன்ற ரஷ்ய யதார்த்த ஓவியர்களைத்தான் முன்மாதிரியாகக் கொண்டார்கள்.

அதே 1955-இல் வந்தது ‘மலாயாவின் காவியம்’. திறந்த வெளியில் மாணவர்கள் கூடியிருக்க, ஒருவர் புத்தகத்திலிருந்து வாசிக்கிறார்; சுற்றி இருப்பவர்கள் கேட்கிறார்கள். படத்தில் நடப்பது அவ்வளவுதான். ஆனால் ஆண்டு 1955. சீனப் பள்ளி மாணவர்கள் அரசியலின் நடுவே நின்ற காலம், பேருந்துத் தொழிலாளர் போராட்டம் வன்முறையாகி ஹோக் லீ கலவரம் நடந்த ஆண்டு. சீன மொழி பேசும் இளைஞர்கள் ‘மலாயா’வைத் தங்கள் மண்ணாக நினைக்கத் தொடங்கிய நேரத்தில், அந்த நினைப்புக்கு ஒரு முகம் கொடுத்த படம் இது. 1956-இல் இதே மனப்போக்குடைய ஓவியர்கள் சேர்ந்து ஈக்குவேட்டர் ஆர்ட் சொசைட்டியைத் தொடங்கினார்கள். எண்ணெய் வண்ணம், மரச்செதுக்கு அச்சு, சிற்பம் என்று பல துறையினர் அதில் இருந்தார்கள். கலை மக்களின் வாழ்க்கையைப் பேச வேண்டும் என்பது அவர்களின் நிலைப்பாடு. 1974-இல் அந்தச் சங்கத்தின் பதிவு நீங்கியது.

‘தேசிய மொழி வகுப்பு’ 1959-ஐச் சேர்ந்தது. சிங்கப்பூர் தன்னாட்சி பெற்ற ஆண்டு. மலாய் தேசிய மொழியான காலம். வட்ட மேசையைச் சுற்றி மாணவர்கள், ஒரு மலாய் ஆசிரியர், பின்னால் கரும்பலகை. பலகையில் இரண்டு கேள்விகள்: ‘சியாப்பா நாமா காமு?’, ‘டி-மானா ஆவாக் திங்கால்?’ உன் பெயர் என்ன, நீ எங்கே வசிக்கிறாய். முதல் நாள் வகுப்பில் யாரும் கேட்கும் எளிய கேள்விகள்தான். புதிதாக நாடாகிக்கொண்டிருந்த ஓர் ஊரைப் பார்த்துக் கேட்டாலோ இவற்றைவிடப் பெரிய கேள்வி இல்லை. 2015-இல் தேசியக் கலைக்கூடம் திறந்தபோது, சிங்கப்பூர் ஓவிய வரலாற்றைச் சொல்லும் நீண்டகாலக் கண்காட்சிக்கு அந்தப் பலகையின் முதல் வரியையே பெயராக வைத்தார்கள்.

வட்ட மேசை தற்செயலாக வந்ததாக நினைக்க வேண்டாம். சதுர மேசையில் தலைமாடு ஒன்று இருக்கும்; வட்டத்தில் எல்லோரும் சமம். ஓவிய வேலையிலும் அதற்கு ஒரு பயன் உண்டு. வரிசையாக பெஞ்சில் உட்கார வைத்தால் முன்வரிசைக்காரர்கள் பின்வரிசையை மறைப்பார்கள். வட்டமாக உட்கார வைத்தால் ஒருவரின் பின்கழுத்து, ஒருவரின் பக்கவாட்டு, ஒருவரின் முழுமுகம் என்று தலைகள் ஒவ்வொரு கோணத்திலும் கிடைக்கும். பார்க்கிறவர் கண்ணும் சுற்றிச் சுற்றி வரும். பார்த்ததை அப்படியே பதிவு செய்கிறவர் இந்த வேலையைச் செய்ய மாட்டார். நாடக மேடையில் ஆட்களை நிறுத்துவதுபோல் யோசித்துச் செய்த அமைப்பு அது. 2021-இல் அவருக்காகக் கலைக்கூடம் நடத்திய தனிக் கண்காட்சியின் பெயரும் ‘யதார்த்தத்தை இயக்குதல்’ என்ற பொருளில்தான் இருந்தது. மிகச் சரியான பெயர்.

இனி பிழைப்பு. வாழ்க்கைக் குறிப்புகள் பெரும்பாலும் இந்தப் பகுதியை ஒரு வரியில் தாண்டிவிடும். ஓவியராக விரும்புகிறவருக்கோ இதுதான் முக்கியம். சுவா 1957 முதல் 1974 வரை சம்பளத்துக்கு வேலை பார்த்தார்: முதலில் புத்தக நிறுவனத்தில் சித்திரம் வரைபவர், பிறகு விளம்பர நிறுவனத்தில் வடிவமைப்பு, அதன்பின் மீண்டும் புத்தகச் சித்திரமும் வடிவமைப்பும். ‘தேசிய மொழி வகுப்பு’ இந்தக் காலத்துக்குள் வரைந்த படம். முதல் தனிக் கண்காட்சி 1974-இல், நாற்பத்திரண்டு வயதில். அது நன்றாகப் போனபின்தான் முழுநேர ஓவியரானார். பதினேழு ஆண்டு வேலையை வீணான காலம் என்று கணக்கிட்டால் தவறு. பாடநூல் சித்திரக்காரருக்குக் கெடு உண்டு. கையும் காலும் எந்தக் கோணத்திலும் தடுமாறாமல் வர வேண்டும். ஒரே பார்வையில் விஷயம் புரிய வேண்டும். அவருடைய பெரிய படங்களில் கூட்டம் நெரிசலாகத் தெரியாமல் தெளிவாகத் தெரிவதற்கு இந்தப் பயிற்சி ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

1974-க்குப் பிறகு இரண்டு வழிகளில் வேலை போயிற்று. ஒன்று உருவப்படம்: அதிபர்கள், லீ குவான் யூ உள்ளிட்ட தலைவர்கள் என்று அரசு, நிறுவனங்களின் பணிகள். மற்றொன்று மறைந்துகொண்டிருந்த ஊர்: சைனாடவுன் தெருக்கள், சிங்கப்பூர் ஆறு. 1977-இல் தொடங்கிய ஆற்றுத் தூய்மைப் பணி பத்தாண்டு நடந்தது; சரக்குத் தோணிகள் 1983-இல் பாசிர் பாஞ்சாங்குக்கு மாறின. அந்த இடைவெளியில் அவர் இடத்திலேயே நின்று வரைந்தவை இன்று ஆவணமும்கூட. ஆனாலும் ஓவியம் என்ற அளவில் 1950-களின் படங்களையும், 1974-இன் ‘உணவகத்தில் தொழிலாளர்கள்’ படத்தையும்தான் நான் மேலே வைப்பேன். தெருக்காட்சிகளில் சில இடங்களில் பிரிவாற்றாமை முந்திக்கொண்டு, ஆட்கள் காட்சிக்கு அலங்காரமாகி விடுகிறார்கள். ‘உணவகத்தில் தொழிலாளர்கள்’ படத்தில் அப்படி நேரவில்லை.

அவர் மனைவி லீ பூன் ஙானும் யதார்த்த ஓவியர். மலர்களை வரைவதில் பெயர் பெற்றவர், 2017-இல் காலமானார். 1957-இல் சுவா வரைந்த ‘லீ பூன் ஙானின் உருவப்படம்’ அவருடைய படங்களிலேயே மிகவும் அமைதியானது. 2015-இல் சுவாவுக்குச் சிங்கப்பூரின் உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கம் கிடைத்தது, எண்பத்து மூன்று வயதில். யதார்த்த ஓவியம் பழைய பாணி என்று ஒதுங்கியிருந்த நீண்ட காலத்தை அந்த வயதே சொல்லும்.

இரண்டாவது கேள்வி, புகைப்படம். ஓர் ஓவியத்தில் பத்துப்பேர் இருந்தால் பத்துப்பேரையும் ஒரே நேரத்தில் நாள்கணக்கில் உட்கார வைக்க எந்த ஓவியராலும் முடியாது. தனித்தனியாக ஆட்களை உட்கார வைத்து வரைந்து, சிறு அளவில் அமைப்பைப் போட்டுப் பார்த்து, பிறகு பெரிய கேன்வாஸுக்கு மாற்றுவதுதான் இந்த மரபின் வழி. மறைந்த தலைவரின் படத்துக்குப் புகைப்படம் தவிர வேறு வழியில்லை. ஆகவே புகைப்படம் குற்றமல்ல. நேரில் பார்த்து வரைந்த பழக்கம் இல்லாதவர் கையில் அது ஆபத்து, அவ்வளவுதான்.

என்ன ஆபத்து? கைத்தொலைபேசியின் முதன்மை லென்ஸ் அகலமானது. அரை மீட்டரில் எடுத்தால் மூக்கு பெருத்துக் காது பின்னே போய்விடும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று, இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ நெருக்கி எடுத்தால் முகத்தின் அளவு சரியாக வரும். அடுத்தது நிழல். கண்ணுக்கு நிழலுக்குள்ளும் நிறம் தெரியும். படத்தில் அது வெறும் கறுப்பாகிவிடும். மூன்றாவது, விளிம்பு. புகைப்படத்தில் காதும் கண்ணும் ஒரே கூர்மையில் இருக்கும். நேரில் பார்க்கும்போது கண்ணை உற்றுப் பார்த்தால் காது மங்கும். நல்ல உருவப்படத்தில் இரண்டு மூன்று இடங்களில் மட்டுமே கூர்மையான விளிம்பு இருக்கும். மற்றவை கரைந்து போகும். புகைப்படத்தை மட்டும் நம்பி வரைந்த படம் காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோல் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது கேள்விக்கு, முடியும். சிங்கப்பூரில் சில விஷயங்களை மாற்றிச் செய்ய வேண்டும்.

வெளிச்சத்தில் தொடங்கலாம். ஐரோப்பிய நூல்கள் எல்லாம் ‘வடக்குச் சன்னல்’ என்று சொல்லும். அங்கே வடக்கிலிருந்து நேர் வெயில் பெரும்பாலும் வராது என்பதால். நாம் பூமத்திய ரேகைக்கு ஒரு பாகைக்குச் சற்று மேலே இருக்கிறோம். மார்ச் கடைசி முதல் செப்டம்பர் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்திருக்கும். மற்ற ஆறு மாதம் தெற்கே. எனவே ஜூனில் வடக்குச் சன்னலிலும் காலை மாலை வெயில் விழும். டிசம்பரில் அதே சன்னல் அருமையாக இருக்கும், ஜூனில் தெற்குச் சன்னலுக்கு மாறுங்கள். மழை மேகம் வந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒளி மாறும் தொல்லையும் இங்கே அதிகம். அதற்கு விளக்கே மேல்: 5000 கெல்வின், நிறத் துல்லியக் குறியீடு (CRI) 95-க்கு மேல், அமர்ந்திருப்பவரின் தலைக்கு மேலே 45 பாகைச் சாய்வில் ஒரே விளக்கு. கேன்வாஸின் மீதும் அதே வகை விளக்கின் ஒளி விழ வேண்டும். கூடத்தின் மஞ்சள் விளக்கில் வரைந்துவிட்டுப் பகலில் பார்த்தால் முகம் நீலம் பாய்ந்து தெரியும்.

தலையை இயல்பான அளவில் வரைய 40-க்கு 50 சென்டிமீட்டர் கேன்வாஸ் போதும். பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் கடைகளில் கிடைக்கும் அக்ரிலிக் பூச்சுப் பூசிய பருத்திக் கேன்வாஸ் நம் ஊருக்கு ஏற்றது. மரபான தோல்பசை பூசிய லினன் இங்கே தொல்லை: காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பசை இளகும், குளிர்சாதனம் போட்டால் இறுகும். இப்படி மாறி மாறி இழுபட்டால் சில ஆண்டுகளில் வண்ணம் வெடிக்கும்.

வண்ணக் குழாய் எட்டு போதும்: டைட்டானியம் வெள்ளை, மஞ்சள் ஓக்கர், காட்மியம் சிவப்பு, நிலையான அலிஸரின், பர்ன்ட் சியன்னா, ரா அம்பர், அல்ட்ராமரைன் நீலம், ஐவரி கறுப்பு. வெள்ளை மட்டும் பெரிய குழாயாக வாங்குங்கள். மற்ற எல்லாம் சேர்ந்து ஆகும் அளவுக்கு அது ஒன்றே செலவாகும். துத்தநாக வெள்ளை கலந்த குழாயை அடியடுக்குக்குத் தவிர்ப்பது நல்லது. அது காய்ந்தபின் நொறுங்கும் தன்மையுள்ளது, மேலே பூசியது பெயர்ந்து வரலாம்.

அமர்பவரை 25 நிமிடம் உட்கார வைத்து 5 நிமிடம் ஓய்வு கொடுக்க வேண்டும். நாற்காலிக் கால்கள், அவர் பாதம், உங்கள் ஈசல் (கேன்வாஸைத் தாங்கும் சட்டம்), நீங்கள் நிற்கும் இடம் எல்லாவற்றையும் தரையில் ஒட்டுநாடாவால் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் வீதம் ஐந்தாறு அமர்வு ஆகும். உட்காருவது அத்தையோ மாமாவோ என்றால் தொலைக்காட்சியைப் போட்டுவிடாதீர்கள். கண் அங்கேயே நிற்கும், பார்வை செத்துவிடும். வானொலி போதும்.

முதல் அமர்வில் ரா அம்பரை டர்பென்டைனில் கரைத்து, மெல்லிய பழுப்பாக முழுக் கேன்வாஸையும் பூசித் துணியால் துடையுங்கள். வெள்ளைத் தரையில் எல்லா நிறமும் இருட்டாகவே தெரியும் என்பதால் இந்தப் பூச்சு அவசியம். அதன்மேல் அம்பராலேயே தலையின் பெரிய வடிவம், பிறகு நிழல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற ஒரே கோடு. கண்ணை இடுக்கிப் பார்த்தால் முகத்தில் ஒளி, நிழல் என்று இரண்டே பகுதிதான் தெரியும். அந்த இரண்டும் சரியாக இருந்தால் கண் இமை எதுவும் வரையாமலே ஆளை அடையாளம் தெரியும். தெரியவில்லை என்றால் அடுத்த அமர்வுக்குப் போகக் கூடாது, துடைத்துவிட்டு மீண்டும் போட வேண்டும். பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். இமை மயிரை வரைய அவசரப்படுவார்கள். தலை சாய்ந்திருப்பது நான்காவது அமர்வில்தான் தெரியவரும். பக்கத்தில் ஒரு கண்ணாடி வைத்து அடிக்கடி அதில் படத்தை இடவலம் மாற்றிப் பாருங்கள், சாய்வு உடனே காட்டிக்கொடுக்கும்.

நம்மவர் தோல் நிறத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் கிடைக்கும் பாடநூல்கள் வெளிர்த்தோலுக்கே எழுதப்பட்டவை. கருந்தோலைக் கறுப்பும் வெள்ளையும் கலந்து வரைந்தால் சாம்பல் பூசியது போலாகிவிடும். இருண்ட பகுதிக்கு பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரைனும் கலந்து தொடங்குங்கள். இரண்டின் விகிதத்தை மாற்றினாலே சூடான இருட்டும் குளிர்ந்த இருட்டும் கிடைக்கும். நடு நிறத்தை வெளுக்க வெள்ளையை எடுக்காமல் முதலில் ஓக்கரையும் துளி காட்மியம் சிவப்பையும் சேருங்கள். வெள்ளை கடைசியில், கொஞ்சமாக. மூக்கு நுனி, காது, கன்னம் சிவப்பாகச் சாயும், நெற்றி மஞ்சளாக, மழித்த தாடை சற்று நீலமாக. கருந்தோலில் ஒளிப்புள்ளி வெளிர்த்தோலைவிடப் பளிச்சென்று தெரியும், சன்னல் ஒளியில் அது நீலமாகவே இருக்கும். நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் அந்தக் குளிர்ந்த நீலச்சாம்பலைத் துணிந்து வைத்தால்தான் தோலில் உயிர் வரும். கண்ணின் வெள்ளைப் பகுதி வெள்ளையே அல்ல; நிழல் விழுந்த சாம்பல்.

அடுக்குக்கு அடுக்கு எண்ணெய் கூட வேண்டும். முதல் அடுக்கில் டர்பென்டைன் மட்டும், அடுத்ததில் ஒரு பங்கு ஆளிவிதை எண்ணெய்க்கு இரண்டு பங்கு டர்பென்டைன், கடைசியில் சரிபாதி. எண்ணெய் மிகுந்த அடுக்கு மெதுவாகக் காய்ந்து, காயும்போது அசையும். அது அடியில் இருந்தால் மேலே முன்பே காய்ந்தது கிழியும். அம்பரில் மாங்கனீசு இருப்பதால் ஓரிரு நாளில் காயும். ஐவரி கறுப்பும் அலிஸரினும் வாரக்கணக்கில் இழுக்கும். அதனால்தான் அடித்தளத்துக்குக் கறுப்பை எடுக்கக் கூடாது. எண்ணெய் நீரைப்போல் ஆவியாவதில்லை, ஆக்சிஜனை உறிஞ்சிக் கெட்டியாகிறது. ஆகவே காற்றோட்டம் வேண்டும். பூட்டிய அலமாரியில் வைத்தால் காயாது. காய்ந்த பகுதி சில இடத்தில் மங்கித் தெரிந்தால், துளி எண்ணெயைத் தடவி உடனே துணியால் முழுக்க ஒற்றி எடுங்கள், நிறம் திரும்பும். தடவியதை அப்படியே விட்டால் பின்னாளில் மஞ்சளாகும்.

குளிர்சாதன அறையைப் பூட்டிக்கொண்டு டர்பென்டைன் பயன்படுத்தவே கூடாது. மணம் குறைந்த கரைப்பான் வாங்கினாலும் சன்னல் திறந்திருக்க வேண்டும். பயன்படுத்தியதைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றாமல் ஜாடியில் தெளிய வைத்து, மேல்நீரை மீண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பைக் குழாயில் போடுவது எல்லாவற்றையும்விட ஆபத்து. காயும்போது எண்ணெய் வெப்பம் விடும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் தேங்கினால் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வையுங்கள்.

முடிந்த படத்தை வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம், மழைக்காலத்தில் அந்தச் சுவர் ஈரம் கோக்கும். உள்சுவரில், பின்னால் விரல் அளவு இடைவெளி விட்டு மாட்டினால் பூஞ்சை பிடிக்காது. வார்னிஷுக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பொறுக்க வேண்டும், தடித்த பூச்சானால் இன்னும் கூட. பூசும் நாளில் மழை இருந்தால் தள்ளிப்போடுங்கள். ஈரக்காற்றில் பூசிய வார்னிஷின்மேல் நீலநிற மங்கல் படரும், அதை எடுக்க வார்னிஷ் முழுவதையும் கரைத்து எடுக்க வேண்டியும் வரலாம். குளிர்சாதனத்தை இரண்டு மணி நேரம் ஓடவிட்டுக் காற்று வறண்டபின், படத்தைப் படுக்கவைத்து, அகலத் தூரிகையால் மெல்லிய ஒரே பூச்சாகப் பூசி, ஒரு நாள் முழுக்கத் தூசு விழாமல் மூடி வையுங்கள்.

கேன்வாஸ் வாங்கப் போகும் வழியிலேயே சிட்டி ஹால் எம்ஆர்டியில் இறங்கிக் கலைக்கூடத்துக்கும் போய் வரலாம். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொது நுழைவு இலவசம். காட்சிக்கு வைக்கும் படங்கள் அவ்வப்போது மாறும் என்பதால் எது இருக்கிறது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சுவாவின் படம் இருந்தால் மூன்று மீட்டர் தள்ளி நின்று ஒரு பென்சிலால் முகங்களின் ஒளி, நிழல் இரண்டை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அனுமதிக்கும் தூரம்வரை கிட்டே போய், எந்த விளிம்பு கூர்மையாக இருக்கிறது, எது கரைந்திருக்கிறது என்று அதே தாளில் அடையாளம் போடுங்கள். முதல் அமர்வுக்கு அந்தத் தாளை ஈசலின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.